நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்ச் சிங்கம்

குடும்பப்பெயரின் வரலாற்றையும் குலச் சின்னத்தையும் அச்சடித்துப் பிரேம் போட்டு அனுப்புகிற இணையக் கம்பெனிக்கு, ஐந்து நட்சத்திரத்துக்கு நான் கொடுப்பது ஒன்றரை. ஒன்று, பார்சல் கட்டிய கைக்கு. அரை, சட்டத்துக்கு, நல்ல மரம், கண்ணாடியும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. உள்ளே எழுதியிருந்ததற்குக் கால் காசு கொடுக்க மாட்டேன். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இதே வியாபாரத்தை இதே மாதிரி செய்கிறவர்கள் இணையத்தில் ஒன்றுக்குப் பத்தாக இருக்கிறார்கள். எவரிடம் வாங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது உதவும்.

நான் இருப்பது கும்பகோணம். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் இத்தாலிக்குப் படிக்கப் போனாள், அங்கேயே மனதுக்குப் பிடித்த பிள்ளையைக் கட்டிக்கொண்டாள், இப்போது நேப்பிள்ஸில் குடித்தனம். மாப்பிள்ளையின் குடும்பப்பெயர் எஸ்போசிட்டோ. போன தை மாதம் பேரனுக்குச் சுவாமிமலையில் மொட்டை போட்டுக் காது குத்த எல்லோரும் வந்தார்கள். சம்பந்தியம்மாவும் முதல் தடவையாக வந்தார்.

முதல் தடவை வருகிற சம்பந்திக்கு என்ன வைத்துக் கொடுப்பது? பட்டுப் புடவையைக் கட்டத் தெரியாது, பீரோவில் கிடக்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்கினால் விமானத்தில் எடைக்குக் காசு கேட்பான். தம்பி மகன்தான் செல்போனை நீட்டினான். "அத்தை, அவங்க குடும்பப்பேரோட வரலாறை எழுதி, குலச் சின்னம் போட்டு, பிரேம் பண்ணி அனுப்புறாங்க. சுவத்துல மாட்டிக்கலாம்." பெயரை அடிக்க வேண்டும், நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பணத்தைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய், கூரியரும் சேர்த்து. மூன்று வாரத்தில் வந்துவிட்டது. இது வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பிரித்துப் பார்த்தால், ஓரமெல்லாம் தீயில் கருகின மாதிரி அச்சடித்த காகிதம். நடுவில் கேடயம், அதில் பின்னங்காலில் நிற்கிற சிவப்புச் சிங்கம், இரண்டு பக்கமும் வாள், அடியில் லத்தீனில் ஒரு வரி. கீழே நாலு பத்தி ஆங்கிலம். தம்பி மகன் படித்துச் சொன்னான்: இத்தாலியின் மிகப் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்றாம், வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் பேர்போனதாம், கலைகளை வளர்த்ததாம்.

ஊர் பெயர் ஒன்று இல்லை. வருஷம் ஒன்று இல்லை. ஒரு ஆளின் பெயர் கூட இல்லை. எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. வாழ்நாள் பூராவும் கேஸ் ஷீட் எழுதினவள் நான். தேதி, நேரம், கையெழுத்து எதுவும் இல்லாத குறிப்பைக் கண்டால் உடனே தெரிந்துவிடும், எழுதினவள் நோயாளி கட்டில் பக்கம் போகவே இல்லை என்று. ஆனாலும் கண்ணுக்கு அழகாக இருந்தது. சிங்கம் பாட்டுக்கு நின்றது. மஞ்சள் குங்குமம் வைத்துத் தட்டில் கொடுத்தேன்.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிங்கத்தைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. மாப்பிள்ளை முகம் சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "அம்மா, எஸ்போசிட்டோன்னா பிரபு இல்லம்மா. வெளியில வைக்கப்பட்ட பிள்ளைன்னு அர்த்தம்."

லத்தீனில் எக்ஸ்போசிதுஸ் என்றால் வெளியே வைக்கப்பட்டது. எக்ஸ்ரே அறையில் நாங்கள் தினமும் சொல்லும் எக்ஸ்போஷருக்கும் வேர் அதுதானாம். முப்பத்தோரு வருஷம் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ஒரு பிள்ளை இருப்பது தெரியவில்லை.

சம்பந்தியம்மா செல்போனில் படம் காட்டினார். நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்று ஒரு பழைய மாதா கோயில், அதை ஒட்டி ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம். தெருப் பக்கச் சுவரில் ஒரு துவாரம். உள்ளே மரத்தில் உருளை மாதிரி ஒரு சக்கரம், ஒரு பக்கம் திறந்திருக்கும். வளர்க்க முடியாத தாய் அதில் குழந்தையை வைத்துத் திருப்பிவிட்டால், திறந்த பக்கம் உள்ளே போய்விடும். உள்ளே காத்திருக்கிற பெண் எடுத்துக்கொள்வாள். இவள் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் இவளுக்குத் தெரியாது. எடுத்த குழந்தையை வந்த நாள், வந்த நேரம், போட்டிருந்த துணி, கூட ஏதாவது இருந்தால் அது என்று பேரேட்டில் பதிவார்கள். மாதாவின் பிள்ளைகள் என்று ஊரில் சொல்வார்களாம். பேரேட்டில் ஏறும் குடும்பப்பெயர் எஸ்போசிட்டோ. 1875-ல் அந்தச் சக்கரத்தை மூடினார்கள். இன்றைக்கும் பார்க்கப் போகலாம். பிள்ளைக்குப் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி பெயர் வைக்கக்கூடாது என்று சட்டமும் வந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெயரோடு வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று ஊர் முழுக்கப் பரவிவிட்டார்கள். இன்றைக்கு நேப்பிள்ஸில் அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப்பெயர் அதுதான். இத்தாலி முழுவதற்கும் எடுத்தாலும் முதல் ஐந்துக்குள் வந்துவிடும். 1889-ல் மார்கரீட்டா ராணிக்குப் பிட்சா சுட்டுக் கொடுத்ததாகச் சொல்கிறார்களே, அந்த ஆள் பெயரும் ரஃபேலே எஸ்போசிட்டோதான்.

ஊருக்கு ஊர் இந்தப் பெயர் மாறுமாம். மிலானில் பெரிய ஆஸ்பத்திரியின் சின்னம் புறா, அதனால் அங்கே வந்த பிள்ளைகளுக்குப் புறாவின் பெயர், கொலம்போ. ரோமில் ப்ரோயெத்தி, எறியப்பட்டவர். புளோரன்ஸில் இன்னொசெந்தி, மாசற்ற குழந்தைகள். அந்த ஊர் இல்லத்தைக் கட்ட வரைபடம் போட்டது ப்ருனெல்லெஸ்கி என்ற பெரிய கட்டடக் கலைஞர். முதல் குழந்தை உள்ளே வந்தது 1445-ல். வாசல் வளைவுகளுக்கு மேலே நீலப் பின்னணியில், துணி சுற்றின குழந்தைகளை வட்டவட்டமாகப் பதித்திருக்கிறார்கள். அங்கே தாய்மார் ஒரு நாணயத்தையோ பதக்கத்தையோ பாதியாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டுவிட்டு மறு பாதியைத் தான் வைத்துக்கொள்வாளாம். என்றைக்காவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம் அல்லவா? பிள்ளைகளோடு வந்த அந்தப் பாதிகள் இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

என் வார்டிலும் பிள்ளைகள் இருந்தன. எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. கட்டிலில் பிள்ளையை விட்டுவிட்டு, காப்பி வாங்கிவரப் போகிறேன் என்று போனவள் வரமாட்டாள். எழுதிக் கொடுத்த விலாசத்துக்குப் போலீஸ் போனால் அப்படி ஒரு தெருவே இருக்காது. பிள்ளை கொஞ்ச நாள் எங்களோடு இருக்கும், அப்புறம் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்விடும். நடுவில் பேர் வைப்பது நாங்கள்தான். ஆடிப்பெருக்கு அன்று வந்தவள் காவேரி. கேஸ் ஷீட்டில் தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் "தெரியவில்லை". பெயருக்கு முன்னால் போட ஒரு எழுத்து இருக்காது. அந்த இடத்தை வெறுமனே விட எனக்கு மனம் வராது, டியூட்டியில் இருந்த சிஸ்டரின் இனிஷியலைப் பென்சிலால் போட்டு வைப்பேன். மறுநாள் யாராவது அழித்திருப்பார்கள். 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது, பெற்றவளைக் கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம் என்பதை என்னமோ புது யோசனை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நேப்பிள்ஸ்காரர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே சுவரில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருக்கிற பெயருக்கு இந்தக் கம்பெனி எழுதினது சிங்கம்.

சிங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு வாங்கினது அதற்குத்தான். குலச் சின்னம் என்பது அந்த நாட்டில் இன்ன குடும்பத்துக்கு என்று கொடுக்கப்பட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. நம் ஊரில் ராஜராஜன் என்று பெயர் வைத்த பிள்ளைக்கெல்லாம் பெரிய கோயிலில் பங்கு கேட்க முடியுமா? யாருக்குச் சின்னம் உண்டு, யாருக்கு இல்லை என்று பார்க்க இத்தாலி அரசு 1869-ல் ஒரு சபையே வைத்திருந்தது. 1948-ல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று சொல்லி, அந்தச் சபையைக் கலைக்கவும் வழி செய்தது. இதையெல்லாம் மாப்பிள்ளை கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று, "சிங்கம் அழகாக இருக்கிறது" என்று தமிழில் ஒரு வரி வேறு. நல்ல பிள்ளை.

வாங்குகிறவருக்கு இந்தக் காகிதத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், அன்று சாயங்காலம் திண்ணையில் சம்பந்தியம்மா சொன்னது பாதி இருந்தாலே போதும். அவருடைய சொந்தக் குடும்பப்பெயர் ருஸ்ஸோ. கல்யாணம் ஆனாலும் அங்கே பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ருஸ்ஸோ என்றால் சிவப்பு, செம்பட்டை முடிக்காரன் எவனோ வழியில் இருந்திருக்கிறான். வடக்கே போனால் அதுவே ரோஸ்ஸி. கொல்லன் வீட்டார் ஃபெர்ராரி, மாவரைக்கிற ஆலைக்காரர் மொலினாரி, சுருட்டை முடிக்காரர் ரிச்சி, கூன் விழுந்தவர் கொப்பி. ஊரை வைத்து ரோமானோ, லொம்பார்தி. தகப்பனை வைத்து தி பியெத்ரோ. எல்லாம் பேச்சில் இருந்த அடைமொழிதான். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் கூட்டிய சங்கம் 1563-ல், ஒவ்வொரு கோயில் சாமியாரும் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றது. பேரேட்டில் ஏறினது அப்படியே இறுகிவிட்டது, பேரன் வழுக்கையாக இருந்தாலும் சுருட்டை முடிக்காரன்தான்.

எங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? என் பிறந்த ஊரில் நொண்டியார் வீடு என்று ஒரு வீடு, நாலு தலைமுறையாக அங்கே யாரும் நொண்டவில்லை. வின்சி என்ற ஊர்க்காரர் தா வின்சி என்றால், உமையாள்புரம் சிவராமனும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் வேறென்ன? ஆனால் நாங்கள் அதைப் பிள்ளைக்கு இறுக்கிக் கட்டவில்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள், வால் போனது, தலையில் ஒரு எழுத்து நின்றது.

மறுநாள் சம்பந்தியம்மாவை ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப் போனோம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், வீரமாமுனிவர் இருந்து தொண்டு செய்த அடைக்கல மாதா கோயில். 1680-ல் கஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர், குடும்பப்பெயர் பெஸ்கி. இங்கே வந்து தேம்பாவணி பாடினார், 1732-ல் சதுரகராதி செய்தார். பெஸ்கி என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தாலிக்காரர் ஒருவர் குடும்பப்பெயரை ஆற்றோடு விட்டுவிட்டார் என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் சம்பந்தியம்மா கேட்டார், "உங்கள் குடும்பப்பெயருக்கு என்ன அர்த்தம்?"

எங்களுக்கு ஏது குடும்பப்பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் குறுக்கிட்டாள். "இருக்கும்மா. இப்ப இருக்கு."

2022-ல் இத்தாலி அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தகப்பன் பெயர் தானாகப் பிள்ளைக்கு ஏறுவது செல்லாது. பெற்றவர்கள் இருவரின் குடும்பப்பெயரும் ஏறும், இருவரும் பேசி ஒன்று போதும் என்று சொன்னால் ஒழிய. பேரன் பிறந்தது 2023. அங்கத்து நகராட்சி ஆபீசில் தாயின் குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மகள் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அவள் அப்பா பெயர். நம்மவர்கள் பலருக்கும் அப்படித்தானே இருக்கும். எழுதிவிட்டார்கள். பேரனின் குடும்பப்பெயர் எஸ்போசிட்டோ குப்புசாமி.

குப்புசாமி என் வீட்டுக்காரர். எங்கள் தலைமுறையில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். சம்பந்தியம்மாவுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருந்ததால் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவருக்கு முன்னால் என் மாமியாருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும் முறத்தில் போட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி "ஐயோ, யாரோ பிள்ளையை வீசிட்டுப் போயிருக்காங்களே" என்று எடுத்துக்கொண்டு போனாள். மாமியார் ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். பெத்தவளே வேண்டாம் என்று குப்பையில் போட்ட பிள்ளையை எமன் மட்டும் எதற்குக் கேட்கப் போகிறான்? அதனால் குப்புசாமி. மூக்கும் குத்தியிருந்தது, அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது, "நீ சொன்ன பேச்சு கேக்காட்டி தவிட்டுக்கே வித்துடுவேன்" என்று அவர் விளையாட்டுக்கு மிரட்டுவார்.

மகள் மெதுவாக மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. மடியில் இருந்த பேரனின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார், புதுக் கம்மலைச் சுற்றி இன்னும் சிவந்திருந்தது.

ராத்திரி தம்பி மகன் குறும்பு பண்ணினான். அதே கம்பெனியின் பக்கத்தில் குப்புசாமி என்று அடித்தான். பட்டனைத் தட்டினதும் மாதிரிப் படம் வந்துவிட்டது. அதே கேடயம். அதே சிங்கம், சிவப்புக்குப் பதில் நீலம். அதே லத்தீன் வரி. மிகப் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்றாம், வீரத்துக்கும் விசுவாசத்துக்கும் பேர்போனதாம். என் மாமியார் இருந்திருந்தால் அந்தப் படித் தவிட்டைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். பெயர் போட்டுத் தயாரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில். கூடவே, இந்த வரலாறு அந்தப் பெயருள்ள எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை, விதிமுறைகளில் இருக்கிறது பாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன், இருக்கிறது, எறும்பு அளவு எழுத்தில். வாங்குகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

உண்மையிலேயே இத்தாலியப் பெயர் ஒன்றின் வழியைத் தேட வேண்டியவர்களுக்கு ஒரு விஷயம். இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களே அந்தெனாத்தி என்ற இணையதளத்தில் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கின்றன. முன்னோர் என்று அர்த்தமாம். ஒரு பைசா கிடையாது. நேப்பிள்ஸ் பக்கத்துப் பதிவுகள் 1809 முதல் தொடங்குகின்றன, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது கொண்டுவந்த ஏற்பாடு. கையெழுத்து என்னுடைய பழைய டாக்டர்களின் கையெழுத்து மாதிரி இருக்கிறது, பழக நாளாகும். மகளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தேடுகிறார்கள். இதுவரை ஒரு செருப்புத் தைக்கிறவர் அகப்பட்டிருக்கிறார். வாளோடு யாரும் வரவில்லை.

சம்பந்தியம்மா ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். அந்த அன்னுன்சியாத்தா சக்கரத்துக்கு முன்னால் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், மொட்டைத் தலையில் முடி முளைத்திருக்கிறது. அதைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, இந்தச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு நாகேஸ்வரன் கோயில் பக்கம் இருக்கிற பிரேம் கடைக்குப் போனேன். அவர் சட்டத்தைக் கழற்றிவிட்டுச் சிங்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது என்னங்கம்மா செய்யறது, நல்ல கெட்டித் தாளா இருக்கே" என்றார். பின்னால் வைக்கிற அட்டைக்கு எவ்வளவு என்று கேட்டேன். நாற்பது ரூபாய் என்றார். அப்படியானால் சிங்கத்தையே வைத்து அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.